அளவை முன், அறம் பின்: மட்டாஞ்சேரியில் ஒரு நுழைவுத்தேர்வு மேசையிலிருந்து

சற்று நீளமான பதிவு. தத்துவம், சட்டம், தமிழிலக்கியம் ஆகிய மூன்று துறை மாணவர்களும் இப்பக்கத்தில் இருப்பதால், ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குப் புதிதாக இருக்கும் என்ற துணிவில் எழுதுகிறேன்.

ஆவண வேலையாகச் சில மாதங்களாக மட்டாஞ்சேரியில் தங்கியிருக்கிறேன். தங்கியுள்ள வீட்டின் கீழ்த்தளத்தில் ஒரு தமிழ்க் குடும்பம். அவ்வீட்டுப் பெண் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டுக் கிளாட் எனப்படும் பொதுச் சட்ட நுழைவுத்தேர்வுக்குத் தயாராகிறாள். பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும், வீட்டில் தமிழ். மாலையில் ஒரு மணிநேரம் தருக்கப் பகுதியை என்னுடன் அமர்ந்து பார்ப்பாள். ஆய்வேட்டை எழுதாமல் தள்ளிப்போட எனக்கும் ஒரு காரணம் கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒருநாள் நானே ஒரு பயிற்சி வினாவைக் கட்டினேன். 'மட்டாஞ்சேரியில் மிளகு வைக்கும் கிடங்குகள் யாவும் காயலை ஒட்டியே உள்ளன. இந்தக் கிடங்கில் மிளகு உள்ளது. எனவே யாது பெறப்படும்?' விடை எளிது: இந்தக் கிடங்கு காயலை ஒட்டியுள்ளது. அவள் 'கூற இயலாது' என்பதைத் தெரிவு செய்தாள். காரணம் கேட்டேன். "அப்பா மூட்டை இறக்குற கிடங்கு உள்தெருவுல இருக்குக்கா. அங்க மிளகுதான் இருக்கு. முதல் வாக்கியமே பொய்யாச்சே, அதுலேர்ந்து எதை எடுக்கிறது?" என்றாள்.

தேர்வில் இதற்குக் கிடைப்பது பூச்சியம்கூட அன்று. சரியான விடைக்கு ஒன்று, தவறான விடைக்குக் கால் மதிப்பெண் கழிவு. ஆக ஒன்றேகால் மதிப்பெண் இழப்பு. அந்த ஒன்றேகாலில் தரவரிசை எத்தனை படி கீழே போகும் என்பது இத்தேர்வை எழுதியோர் அறிவர். ஆயினும் அவள் பிழை செய்தாள் என்று உடனே சொல்ல எனக்கு நா எழவில்லை. ஏனெனில் அவள் சொன்னது தமிழில் எழுத்தாகக் கிடைக்கும் மிகப் பழைய தருக்கப் பாடத்தில் பெயரிட்டுச் சொல்லப்பட்ட ஒரு மறுப்பு.

மணிமேகலையின் 29ஆம் காதையைத்தான் குறிப்பிடுகிறேன். 'தவத்திறம் பூண்டு தருமம் கேட்ட காதை' என்பது அதன் பெயர். இலக்கிய மாணவர்கள் பெரும்பாலும் அதைத் தாண்டிப் போய்விடுவர். கதை நின்றுவிடுகிறது, பெயர்ப்பட்டியல் நீள்கிறது என்பது குற்றச்சாட்டு. காஞ்சியில் அறவண அடிகளிடம் மணிமேகலை தருமம் கேட்க வருகிறாள். அடிகள் தருமத்தைத் தொடங்குவதில்லை, அளவையைத் தொடங்குகிறார். அளவைகள் இரண்டு, காட்சியும் கருத்தளவும். பின்னர் அனுமானத்தின் உறுப்புகள்: பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம். மலையில் நெருப்பு உண்டு, புகை தெரிவதால், அடுக்களையைப் போல. ஏதுவுக்கு மூன்று தகுதிகள்: நிறுவப்பட வேண்டிய பொருளில் அது இருக்க வேண்டும், ஒத்த இடங்களில் இருக்க வேண்டும், மாறான இடங்களில் இருத்தல் கூடாது. அதன்பின் போலிகள்: பக்கப்போலி ஒன்பது, ஏதுப்போலி பதினான்கு, திட்டாந்தப்போலி பத்து, ஆகமொத்தம் 33. இவையெல்லாம் முடிந்த பின்னரே, 30ஆம் காதையில், பன்னிரு சார்புகளும் நோன்பும் வருகின்றன. அளவை கற்காதவருக்கு அறம் திறக்கவில்லை. நுழைவுத்தேர்வு என்ற சொல் அன்று இல்லை, அவ்வளவே.

இந்த 33 என்ற எண்ணிக்கை தற்செயலானது அன்று. சங்கரசுவாமியின் நியாயப்பிரவேசம் என்னும் வடமொழிச் சிறுநூலிலும் இதே எண்ணிக்கை, இதே வரிசை, பெரும்பாலும் இதே எடுத்துக்காட்டுகள். அந்நூலை யுவான் சுவாங் 647இல் சீனத்தில் மொழிபெயர்த்தார். அங்கிருந்து ஜப்பான் சென்று, துறவிகள் மனனம் செய்யும் பாடமாயிற்று. மணிமேகலை அந்நூலைப் பின்பற்றியதா, அதற்கு முந்தியதா என்ற விவாதம் பழையது. எஸ். கிருஷ்ணசாமி ஐயங்கார் 1928இல் வெளியிட்ட தம் நூலில் மணிமேகலையைத் திங்நாகருக்கு முந்தியதாகவே வைத்தார். இவ்வளவு துல்லியமான ஒப்புமையை முன்னோடி என்று விளக்குவதைவிட வழிநூல் என்று விளக்குவது எளிது என்பது என் கருத்து. மாற்றுக் கருத்துடையோர் பின்னூட்டத்தில் மறுக்கலாம். ஆனால் இன்றைய பேச்சு காலக்கணிப்பு பற்றியது அன்று.

போலிகளின் பட்டியலைப் பொறுமையாகப் படித்தால், இன்றைய தேர்வுக் கையேடுகள் 'வாதத்தைப் பலவீனப்படுத்துவது எது?' என்று கேட்கும் வினாக்களுக்கு அடிப்படை அங்கே கிடக்கிறது. ஆவியா பனியா என்று ஐயம் தீராத ஒன்றைப் புகை என்று கொண்டு நெருப்பை முடிவுசெய்வது ஒரு போலி. ஒலி அழியக்கூடியது, ஏனெனில் அது அறியப்படுகிறது என்பது இன்னொன்று. அறியப்படுதல் அழிவதற்கும் அழியாததற்கும் பொது, ஆகவே அது எதையும் நிறுவாது. ஒலி அழியாதது, ஏனெனில் அது கேட்கப்படுகிறது என்பது அதன் எதிர்முனை. கேட்கப்படுதல் ஒலிக்கு மட்டுமே உரியதாகலின் ஒப்பிட வேறு பொருளே இல்லை. பக்கப்போலியில் என் தாய் மலடி என்னும் கூற்று தன்சொல்லோடு தானே முரண்படுவதற்கு எடுத்துக்காட்டு. இந்த நான்கை மட்டும் தாளில் எழுதி அவளிடம் கொடுத்தேன். மூன்று மாதங்களாக ஆங்கிலத்தில் படித்தும் பிடிபடாத ஒரு வினாவகை, அறியப்படுதல் என்ற எடுத்துக்காட்டில் பிடிபட்டது. "ரெண்டு பக்கமும் சேர்ற காரணம்" என்று தானே பெயரும் வைத்தாள். சாதாரண அநைகாந்திகம் என்பதைவிட அது நல்ல பெயர்.

ஆனால் கிடங்குச் சிக்கல் இதனால் தீரவில்லை, கூர்மையடைந்தது. பக்கப்போலிகளில் முதலாவது காட்சிக்கு மாறான பக்கம். கண்ணால் கண்டதற்கு எதிரான கூற்றை வைத்து வாதத்தைத் தொடங்கவே கூடாது. ஏதுப்போலிகளில் ஒன்று, ஒரு தரப்பு ஏற்காத ஏது. திட்டாந்தம் என்பதே இருதரப்பும் கண்டு ஒப்பிய ஒன்றாக இருக்க வேண்டும். மூட்டை இறக்குபவரின் மகள் 'முதல் வாக்கியமே பொய்' என்றபோது அறவண அடிகள் அவள் பக்கம் நின்றிருப்பார். தேர்வோ, பத்தியில் உள்ளதை உண்மையெனக் கொள்க, வெளியறிவைக் கொண்டுவராதே என்கிறது. ஒன்று மெய்ம்மையையும் சேர்த்துக் கேட்கும் தருக்கம். மற்றது வடிவத்தை மட்டும் கேட்கும் தருக்கம்.

இவ்வேற்றுமையைத் தொட்ட புகழ்பெற்ற கள ஆய்வு ஒன்றுண்டு. 1931, 1932 ஆண்டுகளில் உளவியலாளர் அலெக்சாண்டர் லூரியா உஸ்பெகிஸ்தானின் சிற்றூர்களுக்குச் சென்று, பனி மூடிய வடக்கில் கரடிகள் யாவும் வெண்ணிறம், இன்ன ஊர் அங்கே உள்ளது, அவ்வூர்க் கரடி என்ன நிறம் என்று எழுத்தறியா உழவர்களைக் கேட்டார். பலர், நாங்கள் பார்க்காததைப் பற்றிப் பேசமாட்டோம் என்ற பொருள்பட விடை மறுத்தனர். அரை நூற்றாண்டுக்குச் சற்றுக் குறைய அந்த ஆய்வு நூலாக வராமல் இருந்தது. 1974இல்தான் ரஷ்ய மொழியில் வெளிவந்தது. எழுத்தறிவும் பள்ளியும் வந்தால் வடிவத் தருக்கம் வரும் என்பதே அதிலிருந்து பலர் எடுத்த முடிவு. எங்கள் கீழ்வீட்டுப் பெண் பன்னிரண்டு ஆண்டு பள்ளிக்குச் சென்றவள். ஆகவே அந்த முடிவில் எனக்கு ஐயம் உண்டு. வெண்கரடி பற்றிய வினாவை அவள் தயங்காமல் சரியாகச் செய்வாள்; கரடி அவளுக்கு ஒன்றும் செய்யவில்லை. மிளகுக் கிடங்கில்தான் இடறினாள். தனக்குத் தெரிந்த இடத்தைப் பற்றிப் பிறர் பொய் எழுதும்போது வாயை மூடிக்கொள்வது தனியாகக் கற்க வேண்டிய திறன்.

இந்திய மரபில் வாதத்துக்காக ஏற்றல் என்பதே இல்லை என்று எழுதிவிட ஆசை எழும். அது தவறு. நியாய சூத்திரம் நான்கு வகைச் சித்தாந்தங்களைச் சொல்கிறது. நான்காவது அப்யுபகம சித்தாந்தம். ஆராயாத ஒன்றை அப்போதைக்கு ஒப்புக்கொண்டு, அதிலிருந்து விளைவதை ஆராய்வது. திருப்பூணித்துறை இங்கிருந்து தொலைவில்லை. அங்கே 1914இல் நிறுவப்பட்ட சம்ஸ்கிருதக் கல்லூரியில் நியாயம் தனித்துறை. கொச்சியின் கடைசி அரசர் பரீட்சித்துத் தம்புரான் நியாய சாத்திரத்தில் பெரும்புலமை பெற்றவர்; மாணவர்களுக்குப் பாடமும் சொன்னவர். 1949 ஜூலையில் திருவிதாங்கூரோடு கொச்சி இணைந்தபோது முடியை இறக்கி வைத்தார். புலமையை இறக்கி வைக்கவில்லை. அம்மரபின் சதஸ்களில் பூர்வபட்சத்தை அதன் முழு வலிமையோடு எடுத்துரைத்த பின்பே மறுக்க வேண்டும். தமிழிலும் சிவஞான சித்தியார் அளவை இலக்கணத்தை முதலில் வைத்தே தொடங்குகிறது. தருக்க சங்கிரகத்தையும் அதன் உரையையும் பதினெட்டாம் நூற்றாண்டில் சிவஞான முனிவர் தமிழாக்கினார். ஆக, 'கொள்க' என்ற ஏவல் நமக்கு அந்நியமானது அன்று. அது வேறோர் அறையில் இருந்தது.

அந்த அறை எது என்று அவளுக்குக் காட்ட எனக்குச் சட்டமே உதவிற்று. உரிமையியல் நடைமுறைச் சட்டம், 1908. கட்டளை 7, விதி 11. வழக்குரையைத் தொடக்கத்திலேயே தள்ளுபடி செய்யுமாறு எதிர்த்தரப்பு கேட்கும்போது, நீதிமன்றம் வழக்குரையில் சொல்லப்பட்டவை எல்லாம் உண்மை என்றே வைத்துக்கொண்டு, அப்படியே ஆயினும் வழக்குமூலம் இருக்கிறதா என்று பார்க்கும். எதிர்வாதியின் மறுப்பு அந்தக் கட்டத்தில் மேசைக்கு வராது. பின்னர் விசாரணையில் சாட்சியும் சான்றும் வரும். அங்கே காட்சிக்கு மாறான பக்கம் வீழும். "அப்ப இந்தப் பரீட்சை விதி பதினொண்ணு மட்டும்தான், விசாரணை இல்லை" என்றாள். அன்றிலிருந்து கிடங்கு வினாக்களில் அவள் தடுமாறுவதில்லை. அவளுடைய தந்தையின் கிடங்கு உள்தெருவில் இருப்பது விசாரணைக்குரியது.

மொழிச் சிக்கல் ஒன்றையும் இங்கே பதிய வேண்டும். எனக்கு இந்த ஆண்டின் கண்டுபிடிப்பு அதுதான். தருக்க வினாக்களில் மிகுதியாகப் பிழை நேர்வது போதுமான நிபந்தனைக்கும் இன்றியமையா நிபந்தனைக்கும் இடையில். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரு சிறு சொல்லே வேறுபாடு. தமிழ் இதை ஈற்றில் முடித்துவிடுகிறது: மழை பெய்தால் விளையும், மழை பெய்தால்தான் விளையும், மழை பெய்தாலும் விளையாது. 'தான்' வந்தால் இன்றியமையாமை. இதை அவளிடம் சொன்னபோது எல்லாம் எளிதாகிவிடும் என்று நினைத்தேன். ஆகவில்லை. 'பெய்தாலே' என்ற வடிவம் குறுக்கே வந்தது. தமிழில் 'அவரைப் பார்த்தாலே அச்சம்' என்றால் பார்ப்பது ஒன்றே போதும், வேறெதுவும் வேண்டா. மலையாளத்தில் 'மழ பெய்தாலே கிருஷி நடக்கூ' என்றால் மழை இல்லாமல் நடக்காது. ஒரே ஒலி, ஒரு மொழியில் போதுமை, மற்றதில் இன்றியமையாமை. வீட்டிலொன்றும் தெருவிலொன்றும் பேசும் பிள்ளை, ஆங்கில வாக்கியத்தை மனத்துள் எந்த மொழிக்கு மாற்றினாள் என்பதைப் பொறுத்து விடை தலைகீழாகும். ஒரு வாரம் அவள் பிழைகளைக் குறித்து வைத்தோம். இந்தவகைப் பிழைகளில் பெரும்பங்கு இப்படி வந்தவையே. மொழியியல் மாணவர் எவரேனும் எல்லைப்பகுதிப் பள்ளிகளில் இதை முறையாக ஆய்ந்தால் நன்று.

இத்தேர்வோ ஆங்கிலத்தில் மட்டுமே நடக்கிறது. வட்டார மொழிகளிலும் நடத்த வேண்டும் என்று 2023இல் தில்லி உயர்நீதிமன்றத்தில் பொதுநல மனு தாக்கலானதை நினைவிற்கொள்ளலாம். கேள்வியும் விடையுமாகத் தமிழில் அச்சான ஒரு நூல் இதே கொச்சியில் 1579 நவம்பரில் வெளிவந்தது என்பதை இங்கே ஓர் இடைச்செருகலாகவேனும் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. கிரீசித்தியானி வணக்கம், என்றீக்கே என்றீக்கசு என்னும் இயேசு சபையாரின் மொழிபெயர்ப்பு. ஆசிரியன் வினவ மாணாக்கன் விடையளிப்பான். ஆனால் அங்கே வினாவும் விடையும் முன்பே முடிவானவை. மாணாக்கன் ஏது கேட்பதில்லை. வினாவிடை வடிவம் வந்ததாலேயே வாதம் வந்துவிடாது என்பதற்கு அதை வகுப்பில் காட்டுவதுண்டு.

இனி தேர்வின் வரலாறு. பெங்களூரு தேசியச் சட்டப்பள்ளி 1980களின் இறுதியில் மாதவ மேனன் தலைமையில் ஐந்தாண்டுப் படிப்பைத் தொடங்கிய பின், ஒவ்வொரு புதுப் பல்கலைக்கழகமும் தனித்தனி நுழைவுத்தேர்வு நடத்திற்று. மாணவர் ஊர் ஊராக அலைந்தனர். 2006இல் உச்சநீதிமன்றத்தில் வருண் பகத் என்பவர் தொடுத்த பொதுநல வழக்கின் விளைவாக, 2008 மே மாதம் ஏழு பல்கலைக்கழகங்களுக்கான முதல் பொதுத் தேர்வு நடந்தது. தொடக்கத்தில் தருக்கப் பகுதி என்பது உறவுமுறை, இருக்கை வரிசை, எண் தொடர், முக்கூற்று முடிபு ஆகியவற்றின் கலவை. 2020இல் அமைப்பு மாறிற்று: 200 வினாக்கள் 150 ஆயின, ஒவ்வொன்றும் ஒரு பத்தியைச் சார்ந்தது. 2023 டிசம்பர் தேர்விலிருந்து 120 வினாக்கள். காலம் அதே இரண்டு மணிநேரம். எண்ணிக்கை குறைந்ததால் எளிதாயிற்று என்பது பயிற்சி நிலைய விளம்பரம். படிக்க வேண்டிய பத்தியின் நீளத்தை அவ்விளம்பரங்கள் எண்ணுவதில்லை. அமெரிக்காவில் 1948 முதல் நடக்கும் எல்சாட் தேர்வின் சாயல் இப்புதிய வடிவில் தெளிவாகத் தெரிகிறது. அவர்களும் 2024 ஆகஸ்டில் இருக்கைப் புதிர்களைக் கைவிட்டனர்.

கொச்சி இக்கதையில் வெறும் பார்வையாளர் அன்று. 2005இல் சட்டமியற்றி அமைக்கப்பட்ட தேசிய உயர்நிலைச் சட்டக்கல்விப் பல்கலைக்கழகம் களமசேரியில் உள்ளது. 2018 மே 13 தேர்வை நடத்தும் முறை அதற்கு வந்தது. கணினிவழித் தேர்வு, பல மையங்களில் திரை உறைந்தது, மின்சாரம் போனது, உள்நுழைவு தாமதமானது. ஆயிரக்கணக்கில் புகார்கள் எழுந்தன. திஷா பஞ்சால் எதிர் இந்திய ஒன்றியம் என்ற பெயரில் வழக்கு உச்சநீதிமன்றம் சென்றது. கேரள உயர்நீதிமன்ற முன்னாள் நீதிபதி எம். ஆர். ஹரிஹரன் நாயர் தலைமையிலான குறைதீர் குழு புகார்களை ஆராய்ந்தது. ஜூன் 13 அன்று நீதிமன்றம் மறுதேர்வுக்கு ஆணையிடவில்லை. இழந்த நேரத்துக்கு ஈடாக மதிப்பெண் வழங்கும் ஒரு சூத்திரத்தை ஏற்றது.

அந்தச் சூத்திரத்தைத் தருக்க மாணவர்கள் படிக்க வேண்டும். ஒருவர் தமக்குக் கிடைத்த நேரத்தில் எத்தனை வினாக்களுக்கு விடையளித்தார், அவற்றில் எவ்வளவு சரி என்று கணக்கிட்டு, அதே வேகத்திலும் அதே செம்மையிலும் இழந்த நிமிடங்களிலும் எழுதியிருப்பார் எனக் கொண்டு மதிப்பெண் கூட்டுவது. மலையில் காணாத நெருப்பைப் புகையால் கருதுவது போல, நடவாத நிமிடங்களைப் பற்றிய அனுமானம் இது. ஏது, நடந்த நிமிடங்கள். திட்டாந்தம் அந்த மாணவரே, வேறெவரும் இல்லை. கேட்கப்படுதலை ஏதுவாகக் கொண்டதைப் போலவே, ஒப்பிடப் பிறிதொரு பொருள் இல்லாத நிலை. மேலும், எளியவற்றை முதலில் முடித்துக் கடினமானவற்றைக் கடைசிக்கு வைப்பவருக்கு இச்சூத்திரம் மிகுதியாகக் கொடுக்கும். கடினமானவற்றை முதலில் எடுப்பவருக்குக் குறைத்துக் கொடுக்கும். திரை இருமுறை உறைந்தவரின் அடுத்த பத்து நிமிடப் பதற்றம் எந்த எண்ணிலும் வராது. நீதிமன்றத்துக்கு வேறு வழி இருந்ததா? பிழையின்றி எழுதிய பல்லாயிரம் பேரை மீண்டும் எழுதச் சொல்வது அவர்களுக்கு அநீதி. ஒன்றும் செய்யாதிருப்பது மற்றவர்க்கு அநீதி. முழுமையற்ற ஏதுவைக் கொண்டு முடிவெடுக்க வேண்டிய கட்டாயம் நீதிமன்றத்துக்கு உண்டு, ஆசிரமத்துக்கு இல்லை. என் குறை அச்சூத்திரத்தின் மீது அன்று. அதை அனுமானம் என்று சொல்லாமல் கணக்கு என்று சொல்லிக் கடந்துவிட்டோமே என்பதில்தான்.

இதை அவளுக்கு விளக்கியபோது அவள் வேறொன்றைக் கேட்டாள்: அந்த மணிமேகலை எங்கே படித்தாள்? அளவையைக் காஞ்சியில் படித்தாள். அதற்குமுன் வஞ்சி நகரில் பல சமயத்தாரிடமும் அவரவர் கொள்கையைக் கேட்டாள் என்றேன். வஞ்சி கரூரா, இங்கிருந்து வடக்கே உள்ள கொடுங்கல்லூரா என்ற பழைய வழக்கை அவளுக்காகக் கிளறினேன். அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. வஞ்சியில் மணிமேகலை தன் உருவில் போகவில்லை; முதிய மாதவன் வடிவு கொண்டு போனாள்; இளம்பெண் என்று தெரிந்தால் அவர்கள் எவரும் பொருளுரைக்கமாட்டார்கள் என்று அவளுக்கு முன்பே சொல்லப்பட்டிருந்தது என்று நான் சொன்ன இடத்தில்தான் நிறுத்தினாள்.

"அப்ப நுழைவுச்சீட்டுல போட்டோ ஒட்டலையா?" என்றாள்.

டிசம்பரில் தேர்வு. நேற்று 24 தருக்க வினாக்களை 27 நிமிடங்களில் முடித்தாள், ஐந்து தவறு. அவற்றுள் இரண்டு 'பெய்தாலே' வகை.